வண்டியில் கலந்து கொட்டுகிறார்களே, அப்புறம் எதற்குப் பிரிக்க வேண்டும்?

கேள்வி இதுதான்: "மதுரை ஆனையூர்ப் பக்கம் புது வீட்டுக்குக் குடிவந்து ஆறு மாதம் ஆகிறது. மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று இரண்டு வாளி வைத்துப் பிரித்துத்தான் கொடுக்கிறேன். ஆனால் வண்டியில் இரண்டையும் ஒன்றாகக் கொட்டுவதை என் கண்ணாலேயே பார்த்தேன். பிரிப்பதில் ஏதாவது பயன் உண்டா? எங்கள் தெருவில் 40 வீடு இருக்கிறது. சேர்ந்து ஏதாவது செய்ய முடியுமா?"

கீழவாசல் பக்கம் ஒரு சந்தில் 22 வருடம் பழைய பேப்பர் கடை வைத்திருந்தவன் நான். வீட்டிலிருந்து வெளியே போகிற சாமானில் எது காசு, எது குப்பை என்று தராசில் போட்டுப் பார்த்தே பிழைப்பு ஓடியது. மகனுக்குக் கடையில் விருப்பமில்லை, எனக்கும் இடுப்பு வலி வந்துவிட்டது, மூடிவிட்டேன். இப்போது திருநகரில் இருக்கிறேன். எங்கள் தெருவில் ஐந்து வருடமாக முப்பது சொச்சம் வீட்டுக் குப்பையை நாங்களே பார்த்துக்கொள்கிறோம். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பயன் இருக்கிறது. வண்டியில் கலந்து கொட்டினாலும் இருக்கிறது. நாளைக்கு வண்டி வரும்போது அதன் ஓரத்தைக் கவனியுங்கள். இரண்டு மூன்று சாக்கு தொங்கும். ஒன்றில் தண்ணீர் பாட்டில், ஒன்றில் அட்டை, ஒன்றில் தகரமும் இரும்பும். வண்டியோடு வருகிற தூய்மைப் பணியாளர்கள் குப்பையைத் தெருவிலேயே கையால் பொறுக்கிப் பிரித்துத்தான் அந்தச் சாக்கு நிறைகிறது. வேலை முடிந்து போகிற வழியில் என்னைப் போன்றவர்கள் கடையில் போட்டுவிட்டுப் போவார்கள். சம்பளத்துக்கு மேல் டீச் செலவுக்கும் பிள்ளைகளின் நோட்டுப் புத்தகத்துக்கும் அந்தக் காசுதான். என் கடைக்கு வந்த சரக்கில் பாதிக்கு மேல் இப்படிச் சாக்கில் வந்ததுதான். வீட்டுக்காரர்கள் நேரடியாகக் கொண்டுவந்து போட்டது குறைவு.

நீங்கள் பார்த்ததும் உண்மைதான். பத்து வீட்டில் ஏழு வீடு கலந்து கொடுத்தால், மிச்சம் மூன்று வீட்டுக்காக யாரும் தனியாக மெனக்கெட மாட்டார்கள். அடுத்த தெருவில் நாலு பேர் வாளியோடு நிற்பார்கள், வெயிலும் ஏறிக்கொண்டிருக்கும். அதனால் காய்ந்த சாமானை வாளியில் வைத்துக் கொட்டக் கொடுக்காதீர்கள். ஒரு பையில் சேர்த்துவைத்து, வாரத்துக்கு ஒரு தடவை, "அக்கா, இது எல்லாம் காய்ஞ்ச சாமான்" என்று சொல்லி அவர் கையில் கொடுங்கள். அது வண்டிக்குள் போகாது, சாக்குக்குப் போகும்.

மக்கும், மக்காத என்று பெயர் வைத்துவிட்டார்கள். எங்கள் தொழிலில் நாங்கள் பார்ப்பது ஈரமா, உலர்ந்ததா என்பதை மட்டும்தான். பேப்பர் மக்கும் சாமான்தானே என்று காய்கறித் தோலோடு சேர்த்துப் போடுகிறவர்கள் நிறையப் பேர். காய்ந்த பேப்பருக்குக் காசு உண்டு, நனைந்ததை எவனும் தொடமாட்டான். ஒரு முகூர்த்த நாளுக்கு மறுநாள் ஒரு மண்டபத்திலிருந்து ஆட்டோ நிறைய அட்டைப்பெட்டி வந்தது. மேலே பார்த்தால் புதுப்பெட்டி மாதிரி இருந்தது, வாங்கிப் போட்டுவிட்டேன். அடியில் இருந்ததில் எல்லாம் சாம்பார் இறங்கியிருக்கிறது. இரண்டே நாளில் புழு வைத்து, பக்கத்துக் கட்டில் இருந்த நல்ல பேப்பரும் போய், கடைசியில் நானே ஆள் வைத்துக் காசு கொடுத்து அள்ளினேன். சாம்பார் பட்ட அட்டை அட்டைக் கணக்கில் வராது, சாம்பார்க் கணக்கில்தான் வரும்.

எடை கூட்டுவதற்காகப் பேப்பர்க் கட்டுக்குள் தண்ணீர் தெளித்துக் கொண்டுவருகிற ஆட்களும் உண்டு. கட்டின் நடுவில் கையை விட்டால் தெரிந்துவிடும். தராசில் கை வைக்கிற கடைக்காரர்கள் இல்லையா என்றால், இருக்கிறார்கள். கொக்கி மாட்டித் தூக்குகிற சின்ன எலக்ட்ரானிக் தராசு ஒன்று வீட்டில் இருப்பது நல்லது.

காய்ந்து வந்த சாமான் எங்கே போகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அட்டை ஆலைக்குப் போய்க் கூழாகி மறுபடி பழுப்பு அட்டையாகவே வரும். ஒவ்வொரு தடவை கூழாகும்போதும் அதன் நார் குட்டையாகிக்கொண்டே போகும், ஐந்தாறு சுற்றுக்கு மேல் தாங்காது. தண்ணீர் பாட்டிலின் அடியில் முக்கோணத்துக்குள் 1 என்று இருக்கும், அது பெட் (PET) என்கிற பிளாஸ்டிக் வகை. நூலாக இழுபட்டு பாலியஸ்டர் துணியாகவும் தலையணைக்குள் அடைக்கிற பஞ்சாகவும் ஆகிறது. 2 போட்ட எண்ணெய்க் கேன், ஷாம்பு பாட்டில், 5 போட்ட டப்பா எல்லாம் உருகிக் குருணையாகி வாளி, குடம் என்று திரும்பி வரும். பால் கவர் 4-ஆம் நம்பர்; கழுவிக் காயப்போட்டிருந்தால் நல்ல சரக்கு. ஒன்று மட்டும் செய்யுங்கள்: பால் கவரின் மூலையைத் துண்டாக வெட்டி எறியாதீர்கள். ஒரு கீறல் போட்டு, துண்டு கவரோடு ஒட்டியிருக்கும்படி ஊற்றுங்கள். அந்தக் குட்டி முக்கோணத்தை எந்தக் கையாலும் பொறுக்க முடியாது, சாக்கடைக்குத்தான் போகும். அலுமினியம் இருக்கிறதே, அது ராஜா. எத்தனை தடவை உருக்கினாலும் அலுமினியமேதான். தாதுவிலிருந்து புதிதாக எடுப்பதற்கு ஆகிற எரிசக்தியில் இருபதில் ஒரு பங்கு போதும் பழையதை உருக்க. அதனால்தான் பானக் கேனைத் தெருவில் நீங்கள் பார்க்கவே முடியாது, விழுந்த அரை மணி நேரத்தில் யாராவது எடுத்துவிடுவார்கள்.

எதை வாங்கமாட்டோம் என்பதுதான் உங்களுக்கு அதிகம் உதவும். சிப்ஸ், பிஸ்கட், மசாலாப் பொட்டலங்கள்: உள்ளே பளபளவென்று இருப்பது பிளாஸ்டிக்கோடு ஒட்டிய உலோகப் படலம். இரண்டையும் பிரிக்க வழியில்லாததால் விலையும் இல்லை. டீக்கடைப் பேப்பர் கப், பெயர்தான் பேப்பர், உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு. தெர்மாகோல் ஆட்டோ நிறைய ஏற்றினாலும் அஞ்சு கிலோ வராது. ஜவுளிக்கடையில் துணிப்பை மாதிரி ஒன்று கொடுப்பார்களே, துணியைப் போலவே இருக்கும், அது பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை வந்தபோது, பேப்பர் கப்பும் இந்தப் பையும் பட்டியலில் இருந்தன. பரோட்டாக் கடையில் சால்னா கட்டித் தருகிற கவரும் அப்படித்தான், எண்ணெய் பிடித்த அதை எந்தக் கடையும் எடுக்காது. தூக்குவாளி எடுத்துப் போங்கள். சால்னா கொஞ்சம் கூடுதலாகவே ஊற்றுவார்கள், இது நான் கண்ட உண்மை.

பழைய துணிக்கு நல்ல வழி எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை. பட்டுச்சேலைக்குப் பாத்திரம் கொடுப்பவர்கள் இன்னும் தெருவில் வருகிறார்கள், மற்றதை வண்டி துடைக்க மெக்கானிக் கடையில் கொடுத்துவிடுங்கள்.

கடை வாங்காத மெல்லிய கவர்களுக்கு ஒரு வழி நம் ஊரிலேயே பிறந்தது. திருப்பரங்குன்றம் தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் ஆர். வாசுதேவன் கண்டுபிடித்த பிளாஸ்டிக் சாலை. ஜல்லியை சுமார் 170 டிகிரிக்குச் சூடாக்கி, துண்டு துண்டாக நறுக்கிய பிளாஸ்டிக்கை அதன் மேல் தூவினால் உருகி ஜல்லியைச் சுற்றி மெழுகு மாதிரி பூசிக்கொள்ளும். அதன் மேல் தார். தண்ணீர் கல்லுக்கும் தாருக்கும் நடுவே புக முடியாததால் குழி விழுவது குறைகிறது. ஒரு வழிச் சாலை ஒரு கிலோமீட்டர் போட ஏறக்குறைய ஒரு டன் பிளாஸ்டிக் உள்ளே போய்விடும். 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். ஆனால் இதிலும் குழாய், வயர் உறை செய்கிற பி.வி.சி. பிளாஸ்டிக் கலக்கக் கூடாது, சூட்டில் ஹைட்ரஜன் குளோரைடு என்கிற நச்சு வாயு கிளம்பும். கவர் சுத்தமாகவும் காய்ந்தும் இருக்க வேண்டும். சுற்றிச் சுற்றி ஈரத்திலேயே வந்து நிற்கிறது பாருங்கள்.

சரி, ஈரத்தை என்ன செய்வது? ஒரு வீட்டுக் குப்பையில் எடைக்குப் பாதிக்கு மேல் அதுதான். காய்த்தோல், வாழை இலை, டீத்தூள், மிச்சச் சோறு, வாடிய மல்லிகை. இதுவும் மற்றதும் கலந்து போய்ச் சேருமிடம் அவனியாபுரத்தை அடுத்த வெள்ளைக்கல் குப்பைக்கிடங்கு. குவியலுக்கு அடியில் காற்றுப் படாமல் அழுகினால் மீத்தேன் வரும். அது எரிகிற வாயு. எந்த ஊரிலும் குப்பைமேடு கோடையில் நாள் கணக்கில் புகைவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அதே குப்பை காற்றோட்டமாக மக்கினால் வருவது எரு.

இது ஒன்றும் நமக்குப் புதிதும் இல்லை. என் மாமியார் ஊர் உசிலம்பட்டிப் பக்கம். வீட்டுக்குப் பின்னால் குப்பைக்குழி இருந்தது. சாணம், அடுப்புச் சாம்பல், கூளம், வாசல் கூட்டிய குப்பை எல்லாம் அதில் விழும். கழனித்தண்ணியும் பழைய சோறும் மாட்டுக்கு. சித்திரை, வைகாசியில் வண்டி கட்டி எருவை அள்ளி நிலத்தில் கும்பல் கும்பலாகக் கொட்டி வைப்பார்கள், ஆடிப்பட்டத்துக்கு உழுகிறபோது கலந்துவிடும். அந்த வீட்டில் குப்பை என்று வெளியே போக ஒன்றுமே கிடையாது. பாக்கெட்டுகள் வந்த பிறகுதான் குழியில் கவர் மின்ன ஆரம்பித்தது, அதோடு அந்த எருவை நிலத்துக்கு அடிக்கத் தயங்கினார்கள்.

மாடியிலோ கொல்லையிலோ இடமிருந்தால் 20 லிட்டர் பெயிண்ட் வாளி இரண்டு போதும். பக்கவாட்டிலும் அடியிலும் ஆணியைச் சுட வைத்து ஓட்டை போடுங்கள். அடியில் சிரட்டைத் துண்டும் தேங்காய் நாரும். அதன் மேல் அன்றன்றைய காய்த்தோல் ஒரு பங்கு, காய்ந்த சருகு ஒன்று முதல் இரண்டு பங்கு. சருகுதான் இதில் சூட்சுமம். நாற்றம் வருகிறது, புழு வருகிறது, ஈ மொய்க்கிறது என்று விட்டுவிட்டவர்கள் எல்லோரும் சருகைக் குறைத்தவர்கள். புளித்த மோர் ஒரு கரண்டி, இல்லையென்றால் ஒரு கைப்பிடி சாணம், ஆரம்பத்துக்கு மட்டும். வாரம் ஒரு தடவை கிளறிவிடுங்கள். ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு வர வேண்டும், அதுதான் சரியான ஈரம். புத்தகத்தில் ஈரம் கூடினால் என்ன செய்வது என்றுதான் எழுதியிருக்கும். மதுரைக் கத்திரி வெயிலில் நம் பிரச்சினை நேர்எதிர்: வாளி காய்ந்து போய் மக்கலே நின்றுவிடும், தண்ணீர் தெளிக்க வேண்டும். ஐப்பசி மழையில் மூடி போட்டுச் சருகைக் கூட்டுங்கள். இரண்டு மாதத்தில் மண்வாசனையோடு கருப்பாகிவிடும்.

அப்புறம் ஞாயிற்றுக்கிழமை. சைவக் குப்பையை வைத்து எழுதிய யோசனைகள் மதுரையில் ஞாயிற்றுக்கிழமை மதியத்தோடு தோற்றுப்போகும். ஆட்டெலும்பும் மீன் செதிலும் வாளி உரத்துக்கு ஆகாது, நாயும் பூனையும் வாளியைக் கவிழ்த்துவிடும். இடமிருந்தால் வாழை மூட்டிலோ தென்னை மூட்டிலோ ஒன்றரை அடி ஆழத்தில் புதையுங்கள். இல்லையென்றால் பேப்பரில் சுற்றித் திங்கட்கிழமை வண்டியில் கொடுத்துவிடுங்கள். அதற்காகக் குற்றவுணர்ச்சி வேண்டாம்.

இனி 40 வீட்டுக் கணக்கு. வீட்டுக்கு ஒரு கிலோ என்று வைத்தால் ஒரு நாளைக்கு 40 கிலோ ஈரக் குப்பை. நாலடி நீளம், நாலடி அகலம், மூன்றடி உயரத்தில் மூன்று தொட்டி கட்டுங்கள், செங்கலுக்குச் செங்கல் இரண்டு விரல் இடைவெளி விட்டு. காற்று உள்ளே போக அந்த ஓட்டைதான் வழி. போடப் போட அமுங்குவதால் ஒரு தொட்டி நிறைய இரண்டு மூன்று வாரம் ஆகும். மூன்றாவது நிறைகிறபோது முதலாவது அள்ளத் தயாராக இருக்கும். குவியலின் நடுவே கையை வைக்க முடியாத சூடு வரும், பயப்படாதீர்கள், அப்படித்தான் வர வேண்டும். அந்தச் சூட்டில்தான் புழுவும் களை விதையும் சாகின்றன.

எங்கள் முதல் முயற்சி நாசமாகப் போனது. தெரு முக்கில், திறந்த தொட்டியாகக் கட்டினோம். எங்கள் தெருக்காரர்கள் ஒழுங்காகத்தான் போட்டார்கள். போகிற வருகிறவர்கள் பைக்கில் வந்து கட்டிய பையோடு எறிந்துவிட்டுப் போனார்கள், உள்ளே டயப்பர். மழையும் சேர்ந்து நாறி, எதிர்வீட்டுக்காரர் சண்டைக்கு வந்தார். அவர் மேல் தப்பில்லை. ஒரு வருடம் கழித்து, காலி மனை வைத்திருந்த ஒருவரிடம் கேட்டு, வேலிக்குள்ளே, கம்பி வலை மூடியும் பூட்டும் போட்டுக் கட்டினோம். காலை ஏழு முதல் எட்டரை வரை மட்டும் திறப்பு. வீட்டுக்கு மாதம் 50 ரூபாய், கிளறிவிட ஓர் ஆளுக்குச் சம்பளம். மாநகராட்சியில் மொத்தம் 100 வார்டு. உங்கள் வார்டுச் சுகாதார ஆய்வாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், யாராவது புகார் கொடுத்தால் அவர்தான் வருவார்.

கடன் வாங்காமல், வாசல் வாசலாகப் போய்ப் பேசி, முதலில் பத்து வீட்டை வைத்துத் தொடங்குங்கள். 40 வீட்டையும் கூட்டி ஒரே கூட்டத்தில் சம்மதம் வாங்கப் பார்த்தால் கூட்டம்தான் நடக்கும். பழைய சாமான் விற்ற காசையும் தெருக் கணக்கில் சேர்க்கலாம் என்று எங்களில் ஒருவர் யோசனை சொன்னார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அது சாக்குக்காரர்களின் காசு. நாம் அதில் கை வைத்தால் நம் தெருவுக்குள் வருகிற வண்டிக்கு நம் மேல் என்ன அக்கறை இருக்கும்?

தொட்டிக்குச் சருகு வேண்டுமே, எங்கே போவது என்பீர்கள். வேப்பிலையையும் புங்க இலையையும் கூட்டிக் காலையில் தெருவோரம் தீ வைக்கிறார்களே, அதை வாங்கிச் சாக்கில் கட்டி வையுங்கள். பங்குனியில் கொட்டுகிற சருகு வருடம் முழுக்க வரும். சருகோடு நாலு கவரும் சேர்ந்து எரிகிற புகை ரொம்பக் கெட்டது, பி.வி.சி. இருந்தால் டையாக்சின் என்கிற கொடிய நச்சு வரைக்கும் போகும். திறந்தவெளியில் குப்பை எரித்தால் 5,000 ரூபாய், மொத்தமாக எரித்தால் 25,000 ரூபாய் அபராதம் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரிலேயே சொல்லிவிட்டது. இதைப் பெருமையாகச் சொல்ல எனக்கு அருகதை இல்லை. செம்புக் கம்பிக்காக வயரை எரித்தவன் நான். கிலோவுக்குக் கிடைக்கிற காசு அப்படி. தோல் உரிக்கிற சின்னக் கருவி ஒன்று வாங்கிய பிறகுதான் நிறுத்தினேன், அதற்குள் என் நெஞ்சு கொஞ்சம் வாங்கியிருக்கும்.

2016-இல் வந்த திடக்கழிவு விதிகளே குப்பையை மூன்றாகப் பிரிக்கச் சொல்லின. ஈரம், உலர்ந்தது போக மூன்றாவது, ஊசி, பேட்டரி மாதிரி ஆபத்தான வீட்டுக் குப்பை; அதை எல்லோரும் மறந்துவிடுகிறோம். நாப்கின், டயப்பரையும் தனியாகப் பேப்பரில் சுற்றி, மேலே சிவப்பு மையால் ஒரு பொட்டு வையுங்கள். இன்சுலின் ஊசி போடுகிற வீடு தெருவுக்கு நாலைந்தாவது இருக்கும். ஊசியை அப்படியே போடாதீர்கள், கனமான பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்து மூடி இறுக்கிக் கொடுங்கள். என் கடையில் சரக்குப் பிரித்துக்கொண்டிருந்த அம்மாவுக்கு ஒரு தடவை உள்ளங்கையில் ஏறிவிட்டது. ஆறு மாதம் ரத்தப் பரிசோதனை, ஆறு மாதம் அவர் தூங்கவில்லை. உப்பிய செல்போன் பேட்டரியையும் வண்டியில் போடக் கூடாது, நசுங்கினால் பற்றிக்கொள்ளும். செல்போன் கடையில் கேட்டால் எடுத்துக்கொள்வார்கள்.

ஊரைப் பற்றி ஒரு வார்த்தை. 2025 ஜூலையில் வந்த தேசியத் தூய்மைக் கணக்கெடுப்பில், 10 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட 40 நகரங்களில் மதுரைக்கு 40-ஆவது இடம். இதே ஊரில்தான் மீனாட்சியம்மன் கோயிலை 2017-இல் நாட்டிலேயே தூய்மையான புகழ்பெற்ற இடம் என்று தேர்ந்தெடுத்தார்கள். கோபுரத்தைச் சுற்றி நாலு தெருவில் செய்ய முடிந்தது, செல்லூர் வழியாக ஓடுகிற பந்தல்குடி வாய்க்காலில் முடியவில்லை. 2024 அக்டோபர் மழையில் செல்லூர்ப் பக்கம் வீட்டுக்குள் தண்ணீர் ஏறியபோது அதில் மிதந்து வந்ததைப் பார்த்தேன். எனக்கு நம்பர் தெரிந்த சரக்காகவே இருந்தது: 1, 4, 5, தெர்மாகோல்.

முதல் தொட்டியைத் திறக்கும்போது மேலே ஓர் அடிக்குச் சரியாக மக்கியிருக்காது, அதைப் பக்கத்துத் தொட்டியில் தள்ளிவிட்டு அடியில் இருப்பதை மட்டும் சலியுங்கள். சல்லடையில் பால் கவர் மூலை, ரப்பர் பேண்ட், பூச்சரத்து நூல் எல்லாம் நிற்கும். எங்களுக்கு முதல் சலிப்பில் 11 எவர்சில்வர் ஸ்பூன் கிடைத்தது. கழுவித் தெருவில் வரிசையாக வைத்தோம். மூன்றுக்குத்தான் சொந்தக்காரர்கள் வந்தார்கள். மிச்சம் எட்டும் இன்னும் என் வீட்டில் இருக்கிறது.